மாடி வீட்டு விரிப்பு

வால்டன்ரீட்
1997 ஜூன் 8, ஞாயிறு

ரோஸ்விக் கண்ணு,

அதையெல்லாம் விடு, நீயே நியாயத்தைச் சொல். நற்கருணைப் பவனி வாசலைத் தாண்டும் நேரத்தில் மாடியில் ஈரத்துணி காயப்போடுகிறவளை என்னவென்று சொல்வது? அன்றைக்குத் தொலைபேசியைப் பாதியில் வைத்துவிட்டேன், அடுப்பில் பால் இருந்தது. இப்போது உட்கார்ந்து முழுதும் எழுதுகிறேன். உன் சித்தியின் மானம் போன கதை இது.

உனக்குத் தெரியும், பவனிக்கு இரண்டாவது பீடம் நம் வீட்டு வாசலில்தான் வைப்பார்கள். உன் சேவியர் சித்தப்பா காலத்திலிருந்து அந்தப் பெருமை நமக்கு. இந்த வருஷம் அதுவே பெரிய பாடாகிவிட்டது. திருநாளுக்கு முந்தின நாட்களில் காய்ச்சலும் வாந்தியுமாகக் கட்டிலோடு கிடந்தேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் வேலையை விட்டு ஓடி வருவாய். கண்ணைத் திறந்தால் சுவர் சுற்றியது. ஒரு விடியற்காலையில் குளிர்ந்த கை ஒன்று என் நெற்றியில் இருந்தது. மாதாவே வந்துவிட்டாள் என்று நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தெளிந்து பார்த்தபோது கட்டிலில் புது விரிப்பு, தலைமாட்டில் வெந்நீர் குடுவை. பக்கத்து வீட்டுக் கிரெஸென்ஸ் வேலையாகத்தான் இருக்கும். பூக்கோலத்துக்கு அவள் தோட்டத்துப் பியோனி பறிக்கப் போனபோது, வேலிக்கு மேலாகப் பார்த்து, “ரொம்ப நன்றிடி, உன்னால எழுந்து நிக்கிறேன்” என்றேன். “அட, அதுக்கென்ன” என்று தலையை ஆட்டினாள்.

திருநாளன்று இருட்டோடு எழுந்து, பூக்கோலம் போட்டேன். பியோனி இதழ்களில் திருக்கிண்ணம், சுற்றிலும் பெரணி இலை. பெருமைக்குச் சொல்லவில்லை, தெருவிலேயே நம்முடையதுதான் அழகு. வாத்தியக்காரர்கள் வந்தார்கள், சாமியார் தலைக்கு மேல் பிடிக்கிற விதானம் வந்தது, சாமியார் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை உயர்த்தினார். நான் முழங்காலில். விதானத்தின் மேல் டப்பென்று ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், நம் மாடி பால்கனியில் கப்பல் பாய் மாதிரி ஒரு வெள்ளை விரிப்பு, காற்றில் படபடக்கிறது. ஒரு கணம்தான் பார்த்தேன். பிறகு நிமிரவே இல்லை. எக்காளம் ஊதுகிறவன் சிரிப்பில் ஊதலை விட்டுவிட்டான். சாமியார்கூட மேலே பார்த்தார், ரோஸ்வி.

பிறகு கோயில் வாசலில் கிரெஸென்ஸ் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “உன் மாடிக்காரி படுக்கறது ஒத்தைக் கட்டில்ல. அவ்வளவு பெரிய விரிப்பு அவளுக்கு எதுக்காம்? ராத்திரி வேலைங்கிறா. என்ன வேலையோ.”

எனக்குக் காதுவரை எரிந்தது. புருஷன் இல்லாமல் பெண் குழந்தையோடு வந்தவள், போலந்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று நம்பித்தானே வீட்டைக் கொடுத்தேன். யாட்விகா என்று ராணிக்கு வைக்கிற பெயர் வேறு. அவளும் கத்தோலிக்கப் பெண்தான், தெரியாமல் செய்தாள் என்று சொல்லவும் வழியில்லை. அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் எதையாவது சொல்லுவாள், நான் நம்பிவிடுவேன்.

அவளைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும். நீ வேலை செய்கிற இடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு யோசனை சொல்கிற சங்கம் என்று தெரியும். ஆனாலும் சித்திக்கு ஒரு வழி சொல்லாமல் இருப்பாயா?

உன் பிரியமுள்ள
சித்தி வால்புர்கா


உல்ம்
ஜூன் 15

அன்புள்ள சித்தி,

உடம்புக்கு முடியாமல் கிடந்துவிட்டு இப்போது சாவகாசமாக எழுதுகிறீர்கள். வேலையை விட்டு ஓடி வந்திருப்பேன், வாஸ்தவம்தான். அதற்காகத்தானே சொந்தம் என்று ஒன்று இருக்கிறது? அம்மா போனபின் என்னை வளர்த்தவர் நீங்கள். நீங்கள் வாந்தி எடுத்தால் பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான்.

பவனிக் கதையைப் படித்துச் சிரித்தேன், மன்னித்துவிடுங்கள். எக்காளக்காரனை நினைத்துத்தான். உங்களுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்பதும் தெரிகிறது.

ஆனால் சித்தி, திருநாளில் துணி காயப்போட்டாள் என்பதற்காக ஒருத்தியை வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. எந்த நீதிபதியும் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். ஒழுங்காக வாடகை கொடுத்து, ஒழுங்காகக் குடியிருப்பவரைக் கிளப்ப வேண்டுமென்றால், அந்த வீடு உங்களுக்கோ நெருங்கிய சொந்தத்துக்கோ நிஜமாகவே தேவைப்பட வேண்டும். அதையும் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு வழி இல்லை, இருக்கவும் கூடாது.

என் பேச்சைக் கேளுங்கள். காப்பி போட்டு அவளைக் கூப்பிட்டு, “அன்னைக்கு ஏன் அப்படிப் பண்ணினே?” என்று கேளுங்கள். அவ்வளவுதான். கிரெஸென்ஸுக்கு மட்டும் காப்பி கொடுக்காதீர்கள்.

அன்புடன்
உங்கள் ரோஸ்வி


வால்டன்ரீட்
ஜூலை 3

ரோஸ்விக் கண்ணு,

சிவப்புப் பெர்ரிப் பழத்தில் ஜெல்லி காய்ச்சி இறக்கிவிட்டேன், உனக்கு ஒரு பெட்டி ஒதுக்கியிருக்கிறேன். தோட்டத்தில் நத்தை தொல்லை. கோயில் பீடத்துக்கு இந்த மாதம் பூ வைப்பது என் முறை. லில்லியின் மகரந்தம் பீடத் துணியில் விழுந்து கறையாகிவிட்டது, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கை போயிற்று.

நீ அந்த மாடி அறையில் இருந்த காலத்தை நினைத்துக்கொள்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஆப்பிள் மரம். உல்மில் நீ இருக்கும் இடத்தில் டிராம் சத்தம் தவிர என்ன இருக்கிறது? இந்த வீடு என்றைக்கிருந்தாலும் உனக்குத்தான். சும்மா சொன்னேன்.

மாடி விஷயம் முடிந்துவிட்டது, நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. எழுதிக் கொடுத்துவிட்டேன், செப்டம்பரோடு காலி பண்ணுவாள். வாங்கிப் படித்துவிட்டு, “சரிம்மா” என்றாள். சண்டை போடுவாள் என்று ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதுதான் என்னவோ போலிருக்கிறது.

அந்த வாரம் படி கழுவும் முறை அவளுடையது. இப்படி நடந்தபின் யார் கழுவுவார்கள்? சனிக்கிழமை பார்க்கிறேன், மேல்மாடியிலிருந்து வாசல்வரை கழுவி, கைப்பிடியையும் துடைத்து, அடுத்த முறை யாருக்கென்று காட்டும் பலகையை என் கதவில் எப்போதும்போல மாட்டியிருக்கிறாள். கோணல் இல்லாமல் மாட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் நான் கழுவும்போது அவள் கழுவிய அளவுக்கு வரவில்லை.

உனக்கு எப்போது லீவு?

உன் சித்தி வால்புர்கா


உல்ம்
ஜூலை 17

சித்தி,

நேற்று திறந்த நேரத்தில், முன்பதிவு இல்லாமல், என் மேஜைக்கு முன்னால் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். ராத்திரி வேலை முடித்து நேராக வந்திருக்கிறாள், கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சீருடை தெரிந்தது. நான் கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை, நாங்கள் பார்த்துக்கொண்டதே இல்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தாள். படிக்கும் முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. அந்தக் கையெழுத்தில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவுச் சீட்டு எழுதுவீர்கள்.

“வீட்டுக்காரம்மாவோட அக்கா பொண்ணு குடிவர்றாங்களாம். அப்படி ஒருத்தங்க நெசமாவே இருக்காங்களான்னு எங்க போய்க் கேக்கறது?” என்றாள்.

மேஜையில் என் பெயர்ப்பலகை இருக்கிறது. அவள் கண் அதற்குப் போயிற்று, பிறகு உங்கள் காகிதத்துக்கு, மறுபடி பலகைக்கு.

“ஓ” என்றாள். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “நீங்க வர்றதுன்னா வாங்க. நான் சண்டைக்கு வரலை. பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் மாத்தணும், இப்பத்தான் ஒரு சிநேகிதி கெடைச்சிருக்கா. அதான் கேட்டுட்டுப் போலாம்னு” என்றாள்.

“நான் வரலைங்க” என்றேன். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

எழுந்து மேலாளர் எகோனிடம் போனேன். சொந்தக்காரரின் வழக்கை நான் தொடக்கூடாது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “உங்க சித்தியா? பலே. ஊருக்கெல்லாம் பொய் நோட்டீஸை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லிக்குடுக்கறோம், நம்ம ஆபீஸ் ஆள் பேர்லயே ஒண்ணு வந்திருக்கு.” கதவு திறந்திருந்தது. எல்லாரும் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்தக் கோப்பு வேறொருவரிடம் இருக்கிறது. அவள் அங்கே என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் உங்களுக்கு எழுத மாட்டேன்.

எனக்கு எது தாங்கவில்லை தெரியுமா? அந்த வழியைக் காட்டியதே நான். என் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள்: “நெருங்கிய சொந்தத்துக்கு நிஜமாகவே தேவைப்படுகிறது.” அந்த “நிஜமாகவே”யைக்கூட விடவில்லை.

வழக்கு கோர்ட்டுக்குப் போனால் என்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். நான் உண்மையைத்தான் சொல்வேன், சித்தி.

ரோஸ்விதா


வால்டன்ரீட்
ஜூலை 24

கண்ணு ரோஸ்வி,

உன் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன், யார் கண்ணிலும் படக்கூடாதென்று. மாதாவுக்கு முதுகுப் பக்கம். அது தப்போ என்னவோ.

அவள் உல்முக்கு வருவாள் என்று நான் எங்கே கண்டேன்? எத்தனை ஆபீஸ் இருக்கிறது. பக்கத்தில் அது ஒன்றுதான் என்று யாராவது சொன்னார்களா எனக்கு? உன் பெயரைப் போட்டது உன்னை மாட்டிவிட அல்ல. “சொந்தம் யார்?” என்று கேட்டால் எனக்கு இந்த உலகத்தில் வேறு எந்தப் பெயர் வரும்? எழுதும்போது, மாதா சாட்சியாக, பாதி நம்பித்தான் எழுதினேன். நீ வந்துவிடுவாய், மாடியில் உன் காலடிச் சத்தம் கேட்கும் என்று.

பொய் என்கிறாய். நீ வந்து இருந்துவிட்டால் அது பொய்யா, சொல்? இந்தக் குளிர்காலம் மட்டும் இரு. காலையில் ரயிலில் போய்விட்டு ராத்திரி வந்துவிடு. சூடாகச் சூப்பு வைத்திருப்பேன். அதற்குள் ஊர் மறந்துவிடும், எனக்கும் பொய் சொன்ன பாவம் இருக்காது.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன் என்றேன், ஜெபத்தில் பராக்கு என்றேன். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் வந்துவிட்டது. அப்படி ஓர் இருமல். சாமியார், “தண்ணி குடிங்கம்மா” என்று அனுப்பிவிட்டார். மறுநாள் பூசையில் நற்கருணை வாங்கப் போகவில்லை. கடைசி பெஞ்சில் முட்டி வலிக்கிறவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

இன்னொன்று. நேற்றுப் படியில் அவள் எதிரே வந்தாள். ஒதுங்க இடமில்லை. “உங்க அக்கா பொண்ணைப் பாத்தேம்மா” என்றாள். நான் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “நல்ல பொண்ணு. முகம் அப்படியே செவந்துபோச்சு பாவம். நான் ஏன்தான் போனேனோன்னு ஆயிடுச்சு.” பிறகு படியில் இறங்கப் போனவள் திரும்பி, “வயிறு இப்ப பரவாயில்லையா? காப்பியைக் கொஞ்ச நாள் கொறைச்சுக்குங்க” என்றாள். என் வயிறு இவளுக்கு எப்படித் தெரியும்? கிரெஸென்ஸ் ஊரெல்லாம் சொல்லியிருப்பாள், வேறென்ன.

வருகிறாயா, கண்ணு? வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

சித்தி


உல்ம்
ஜூலை 30

சித்தி,

வரமாட்டேன்.

அந்த வீட்டை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இப்படி வர மாட்டேன். இன்னொருத்தியின் குழந்தை படுத்த அறையில், அவளைக் கிளப்பிவிட்டு, உங்கள் பொய்யை உண்மையாக்க நான் வந்து படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்கும் வராது.

ஒரே ஒரு வரி போதும்: “கொடுத்த நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன்.” கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுங்கள். கதவுக்கடியில் தள்ளாதீர்கள், கையில் கொடுங்கள்.

அதுவரை எனக்கு எழுத வேண்டாம். ஜெல்லியும் அனுப்ப வேண்டாம்.

ரோஸ்விதா


வால்டன்ரீட்
ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள்

என் ரோஸ்வி,

எழுதாதே என்றாய். கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் படிப்பாய் என்று நம்புகிறேன்.

நீ சொன்ன வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒரு வரிதான். பேனா எடுத்தால் பட்டாணி உரிக்க வேண்டியது ஞாபகம் வரும், அதை முடித்தால் கோழிக்கூடு. கடைசியில் எழுதி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவைத் தட்டியபோது உள்ளே தரையில் அட்டைப்பெட்டிகள். அவளுடைய மார்த்தா, போன வசந்தத்தில் முதல் நற்கருணை வாங்கியதே அந்தக் குழந்தை, செய்தித்தாளில் கோப்பைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து எழுந்து நின்று, “வணக்கம்மா” என்றது. யார் வளர்த்த பிள்ளை பார்.

அவள் படித்தாள். இரண்டு முறை படித்தாள். “சங்கத்துக்காரர் வழக்குல ஜெயிச்சிரலாம்னுதான் சொன்னாரும்மா. நான்தான் வேணாம்னுட்டேன். ஆஸ்பத்திரி பக்கத்துல எடம் கெடைச்சிருச்சு. மாசக் கடைசியில போறோம்” என்றாள்.

“இரேன். இப்பத்தான் எழுதிக் குடுத்துட்டேனே. யாரும் போகச் சொல்லலை” என்றேன்.

“இல்லம்மா. வேணாம்னு சொன்ன வீட்டுல எப்படிப் படி ஏறி எறங்கறது? எனக்குக் கூச்சமா இருக்கு.”

கூச்சம் அவளுக்காம், ரோஸ்வி. உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள். ஏன் திருநாளில் துணி காயப்போட்டாய் என்று கேட்க அதுதான் நேரம். நீ சொன்னபடி அன்றைக்கே கேட்டிருக்கலாம். “பெட்டி கட்ட கயிறு வேணுமா?” என்று கேட்டேன். வேண்டும் என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்று கோயிலுக்கு மூலிகைக் கட்டு மந்திரிக்கப் போனேன். வாசலில் எல்லாரும் ஒரே கேள்வி: “ரோஸ்விதா எப்ப வர்றா? மாடி அவளுக்குத்தானாமே?” நான் எல்லாரிடமும் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்: “வரலை. வர்றதா அவ சொல்லவே இல்லை. நான்தான் பொய் எழுதினேன்.” அவரவர் கையிலிருந்த மூலிகைக் கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கிரெஸென்ஸ் மட்டும் என்னை ஓரமாக இழுத்து, “உனக்கென்ன பைத்தியமா? இதையெல்லாமா வெளிய சொல்லுவே?” என்றாள். கோபம் வந்துவிட்டது. “காய்ச்சல்ல கெடந்தப்ப நீ பண்ணினதுக்காக இத்தனை நாள் உன் பேச்சைக் கேட்டேன், போதும்” என்றேன். “நான் என்ன பண்ணினேன்?” என்று முழித்தாள். விரிப்பு மாற்றினாயே, வெந்நீர் வைத்தாயே என்றேன். “நான் எங்க உள்ள வந்தேன்? தொத்திக்குமேன்னு வேலிப்பக்கமே எட்டிப் பாக்கலை. என் தோட்டத்துப் பியோனி பறிச்சியே, அதுக்குத்தான் நீ நன்றி சொல்றேன்னு நெனைச்சேன்” என்றாள்.

நல்ல சிநேகிதி. அப்படியென்றால் வந்தது யாரென்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ வர வேண்டாம். எழுதவும் வேண்டாம், மனது வந்தால் எழுது. அறையைப் பூட்டி வைக்க மாட்டேன், வேறு யாராவது வரட்டும். சாமியாரிடம் இந்தச் சனிக்கிழமை சொல்லிவிடுவேன், இருமல் வந்தாலும் சொல்லிவிடுவேன்.

உன் சித்தி வால்புர்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மறுபடி பிரித்தேன். பவனியன்று ஒரு கணம்தான் நிமிர்ந்து பார்த்தேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? அந்த ஒரு கணத்தில் காற்று விரிப்பைத் திருப்பிப் போட்டது. மூலையில் நீல நூலில் பூவேலை இருந்தது, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. என் கல்யாணச் சீருக்கு உன் அம்மா தைத்துக் கொடுத்த என் பெயரெழுத்து அது, காய்ச்சலில் நான் வாந்தி எடுத்துக் கிடந்த எங்கள் இரட்டைக் கட்டில் விரிப்பு.